கடலுக்குக் கடிகாரம் செய்த தச்சர்



இந்தக் காலாண்டு இதழில் ஜான் ஹாரிசன் என்ற இங்கிலாந்துக்காரரின் கதையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். 1693-ல் பிறந்து 1776-ல் மறைந்தவர். தொழில் தச்சு. கல்லூரி வாசலை மிதிக்காதவர். பெரிய விஞ்ஞானிகளே நடக்காத காரியம் என்று நினைத்த ஒரு வேலையை எடுத்து வாழ்நாள் முழுக்க உழைத்து முடித்தார். முடித்த வேலைக்குக் கூலி வாங்குவதற்குள் அவருக்கு எண்பது வயதாகிவிட்டது. வேலைக்குப் பட்ட பாடு பெரிதா, கூலிக்குப் பட்ட பாடு பெரிதா என்பதை நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

நம் இந்திய நேரம் லண்டனில் உள்ள கிரீனிச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஏன் ஐந்தரை? பூமி ஒரு முழுச் சுற்றான 360 டிகிரியைச் சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் ஒரு மணிக்கு 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நாம் நம் நேரத்துக்கு அடிப்படையாக வைத்திருக்கும் தீர்க்கரேகை கிரீனிச்சுக்குக் கிழக்கே 82½ டிகிரி. அதை நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி. சென்னை 80¼ டிகிரியில் இருப்பதால், சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக நம் கடிகாரத்தில் 12 மணி 9 நிமிடம் ஆகும்போதுதான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நடுக்கடலில் கப்பலில் நிற்கிறீர்கள். சூரியன் உச்சிக்கு வந்ததும் உங்கள் இடத்தில் மணி பன்னிரண்டு என்று தெரிந்துவிடும். அதே நொடியில் புறப்பட்ட ஊரில் மணி என்ன என்றும் தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எத்தனை டிகிரி கிழக்கே அல்லது மேற்கே வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். வடக்கு, தெற்கு பிரச்சினை இல்லை. சூரியனும் துருவ நட்சத்திரமும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளந்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கிழக்கு மேற்குக்குத்தான் ஊர் நேரம் வேண்டும். அதாவது, மாதக்கணக்கில் தப்பாமல் ஓடும் கடிகாரம் ஒன்று கப்பலில் வேண்டும்.

அப்படிப்பட்ட கடிகாரம் அன்று உலகத்திலேயே இல்லை. ஊசல் கடிகாரம் கரையில் நன்றாக ஓடும். ஆடும் கப்பலில் ஏற்றினால் ஊசல் தடுமாறிவிடும். வெயிலில் உலோகம் நீளும், குளிரில் சுருங்கும். சக்கரங்களுக்குப் போட்ட எண்ணெய் ஓரிடத்தில் இளகும், இன்னோரிடத்தில் இறுகும். ஒரு நிமிடம் தப்பினால் கால் டிகிரி தப்பும். பூமத்திய ரேகைப் பகுதியில் அது ஏறக்குறைய 28 கிலோமீட்டர்.

அந்தத் தப்பின் விலை உயிர். 1707-ல் ஜிப்ரால்டரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதின. ஒரே இரவில் நான்கு கப்பல்கள் போயின. இறந்தவர்கள் 1,400 பேருக்குக் குறையாது. தளபதி சர் கிளவுட்ஸ்லி ஷவலும் அவர்களில் ஒருவர்.

பரிசு அறிவிப்பு

1714-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மேற்கிந்தியத் தீவுகள் வரை போகும் ஒரு பயணத்தில், தீர்க்கரேகையை ஒரு டிகிரிக்குள் சரியாகச் சொல்லும் முறைக்கு 10,000 பவுண்டு. முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவான 40 கலைக்குள் சொன்னால் 15,000. அரை டிகிரிக்குள் சொன்னால் 20,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது பெரும் செல்வம். விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வானியல் அறிஞர்கள், கடற்படை அதிகாரிகள், பாராளுமன்ற உறுப்பினர்கள் அடங்கிய வாரியம் ஒன்றும் அமைந்தது.

அரை டிகிரி என்றால் இரண்டு நிமிடம். பயணம் ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால் கடிகாரம் ஒரு நாளைக்கு மூன்று நொடிக்கு மேல் தப்பக்கூடாது. அன்றைய நல்ல பாக்கெட் கடிகாரங்களே நாளுக்கு நிமிடக் கணக்கில் தப்பிக்கொண்டிருந்தன. வானியல் அறிஞர்கள் பலரும் கடிகாரத்தை நம்பவில்லை. விடை நிலவிலும் நட்சத்திரங்களிலும்தான் இருக்கிறது என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிராமத்துத் தச்சர்

ஹாரிசன் பிறந்தது யார்க்‌ஷயரில் ஃபௌல்பி என்ற சிற்றூரில். அப்பா தச்சர். பையன் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் லிங்கன்ஷயரில் உள்ள பேரோ என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவிடம் தொழில் கற்றார். இருபது வயதில், 1713-ல், முதல் கடிகாரத்தைச் செய்தார். கைக்குத் தெரிந்த பொருள் மரம்தானே, சக்கரங்களையும் மரத்திலேயே செய்தார். அந்தக் கடிகாரம் இன்றும் இருக்கிறது.

பிறகு பிராக்கிள்ஸ்பி பார்க் என்ற மாளிகைக்கு ஒரு கோபுரக் கடிகாரம் செய்து கொடுத்தார். எண்ணெய்தான் கடிகாரத்தைக் கெடுக்கிறது என்றால் எண்ணெயே இல்லாமல் செய்தால் என்ன? இயற்கையாகவே எண்ணெய்த்தன்மை உள்ள ஒரு வெப்பமண்டல மரத்தை உராயும் இடங்களில் பொருத்தினார். அந்தக் கடிகாரம் எண்ணெய் இல்லாமல் இன்றுவரை ஓடுகிறது.

அடுத்துத் தம்பி ஜேம்ஸும் அவரும் சேர்ந்து ஊசலைத் திருத்தினார்கள். பித்தளை அதிகமாக நீளும், எஃகு குறைவாக நீளும். இரண்டையும் கம்பிகளாக மாற்றி மாற்றிக் கோத்தால் ஒன்றின் நீட்சியை மற்றொன்று சரிக்கட்டிவிடும். கோடையானாலும் குளிரானாலும் ஊசலின் நீளம் மாறாது.

கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவர் யாரிடம் போவார்? கிராமத்தில் இருப்பதிலேயே சரியான கடிகாரம் அவருடையதுதான். தன் வீட்டு ஜன்னல் சட்டத்தையும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியையும் ஒரு கோடாக வைத்துக்கொண்டு, நட்சத்திரம் ஒன்று எந்த நொடியில் மறைகிறது என்று இரவிரவாகப் பார்த்தார். ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிட அது 3 நிமிடம் 56 நொடி முன்னதாக மறைய வேண்டும். அதை வைத்துத் தன் கடிகாரத்தைத் தணிக்கை செய்தார். மாதத்துக்கு ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் வரவில்லை என்பது அவர் கணக்கு.

தன் குறையைத் தானே சொன்னவர்

1730 வாக்கில் லண்டன் போய் அரச வானியலாளர் எட்மண்ட் ஹாலியைப் பார்த்தார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். ஹாலி அவரை ஜார்ஜ் கிரஹாம் என்ற புகழ்பெற்ற கடிகாரக்காரரிடம் அனுப்பினார். முன்பின் தெரியாத தச்சரின் வரைபடங்களைப் பார்த்த கிரஹாம், வட்டி இல்லாமல் பணம் கடன் கொடுத்து அனுப்பிவைத்தார். நல்ல மனிதர்களும் இந்தக் கதையில் உண்டு.

ஐந்து வருட உழைப்பில் முதல் கடல் கடிகாரம் தயாரானது. 34 கிலோ எடை. 1736-ல் அதோடு லிஸ்பனுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வரும்போது தூரத்தில் கரை தெரிந்தது. கப்பலை நடத்தியவர் அதை ஸ்டார்ட் முனை என்று கணித்தார். ஹாரிசன் தன் கடிகாரத்தை வைத்து, அது லிசர்ட் முனை என்றார். நெருங்கிப் பார்த்ததும் ஹாரிசன் சொன்னதே சரியாக இருந்தது. கப்பலின் கணக்கு சுமார் 60 மைல் பிசகியிருந்தது.

1737-ல் வாரியம் அவரை அழைத்தது. கூடியிருந்தவர்கள் பாராட்டும் மனநிலையில் இருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுக்குச் சோதனைப் பயணம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் அந்த அறையில் கடிகாரத்தைக் குறை சொன்ன ஒரே ஆள் ஹாரிசன்தான். இன்னும் சிறியதாக, இன்னும் நன்றாகச் செய்கிறேன், அதற்கு 500 பவுண்டு கொடுத்தால் போதும் என்றார்.

இரண்டாவது கடிகாரம் இரண்டு வருடத்தில் முடிந்தது. அதில் அடிப்படையான ஒரு பிழை இருப்பதை அவரே கண்டுபிடித்து, கடலுக்கு அனுப்பாமல் ஒதுக்கினார். மூன்றாவதற்கு 19 வருடம் ஆனது. அந்த 19 வருடம் வீண் என்று நினைக்காதீர்கள். வெப்பத்தைச் சமாளிக்க இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டி அவர் செய்த பட்டையின் வாரிசுதான், உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானாக அணைக்கும் அந்தச் சின்னப் பட்டை. உராய்வைக் குறைக்கக் கூண்டுக்குள் உருளைகளை அமைத்தார். மின்விசிறியிலும் ஸ்கூட்டர் சக்கரத்திலும் உள்ள பேரிங் அந்த வம்சம்.

ஆனாலும் மூன்றாவது கடிகாரம் அவர் நினைத்த அளவுக்கு வரவில்லை. இந்த நேரத்தில், தன் சொந்த உபயோகத்துக்காக ஜான் ஜெஃப்ரிஸ் என்பவரிடம் தன் யோசனைப்படி ஒரு பாக்கெட் கடிகாரம் செய்து வாங்கினார். அது எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக ஓடியது. பெரிய கடிகாரம் மெதுவாக அசைவதால் கப்பலின் ஆட்டம் அதைப் பாதிக்கிறது, சிறியது வேகமாக அசைவதால் அந்த ஆட்டம் அதை ஒன்றும் செய்வதில்லை என்பது புரிந்தது. அறுபது வயதைத் தாண்டியவர், பல வருட உழைப்பு போன வழியை விட்டுவிட்டு வேறு வழியில் திரும்பினார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

1759-ல் நான்காவது கடிகாரம் முடிந்தது. 13 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. நொடிக்கு ஐந்து தட்டு. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு பயணம், இரண்டு வெற்றி

1761 நவம்பரில் மகன் வில்லியம் அதை எடுத்துக்கொண்டு ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறினார். வழியில் மடெய்ரா தீவைப் பிடிக்க வேண்டும். கப்பலில் பீர் தீர்ந்துபோய் மாலுமிகள் முகம் வாடியிருந்த நேரம். கப்பல்காரர்களின் கணக்குக்கும் வில்லியமின் கணக்குக்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம். வில்லியம் சொன்ன திசையிலேயே போனார்கள், தீவு வந்தது. ஜமைக்காவை அடைந்து கணக்குப் பார்த்தபோது, 81 நாளில் கடிகாரத்தின் பிசகு ஐந்து நொடி. அனுமதித்தது இரண்டு நிமிடம்.

இங்கே ஒரு நுணுக்கம். ஐந்து நொடி என்பது, கடிகாரம் நாள்தோறும் ஒரே சீராகப் பின்தங்கும் அளவைக் கழித்தபின் வந்த கணக்கு. நான் வங்கியில் கணக்கு எழுதியவன், எனக்கு இது உடனே புரிந்தது. தினமும் ஒரே அளவு வரும் வித்தியாசத்தால் ஆபத்தில்லை, அதைக் கழித்துவிடலாம். இன்று கூடுதல், நாளை குறைவு என்று தாவும் வித்தியாசம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். கடல் கடிகாரத்துக்கும் அதே சட்டம்தான். சரியாக ஓடுவதைவிடச் சீராக ஓடுவது முக்கியம்.

வாரியம் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தினசரி அளவை முன்கூட்டியே எழுதித் தரவில்லை, ஒரு பயணத்தில் அதிர்ஷ்டமும் கைகொடுத்திருக்கலாம், மறுபடி போய்வர வேண்டும் என்றது. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஹாரிசன் தரப்பும் ஒப்புக்கொண்டது. 1764-ல் வில்லியம் பார்படாஸ் போனார். 47 நாளில் பிசகு 39 நொடி. அனுமதித்த இரண்டு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு. சட்டத்தில் எழுதிய நிபந்தனை இரண்டாம் முறையும் நிறைவேறிவிட்டது. ஹாரிசனுக்கு 71 வயது.

மாறிய நிபந்தனை

பணம் வரவில்லை. 1765-ல் புதிய சட்டம் வந்தது. கடிகாரத்தைப் பிரித்து ரகசியம் முழுவதையும் விளக்கி, எல்லாக் கடிகாரங்களையும் ஒப்படைத்தால் பாதித் தொகை. மற்றவர்களும் இதுபோல் செய்ய முடியும் என்று நிரூபித்தால் மீதிப் பாதி.

வாரியத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மேதை ஆறு வருடம் உட்கார்ந்து செய்த ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு கடற்படை என்ன செய்யும்? நூற்றுக்கணக்கில் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். அந்தக் கவலை உண்மையானது. பிற்பாடு லார்கம் கெண்டல் என்ற கைவினைஞர் செய்த நகலுக்கு 450 பவுண்டு ஆனது. ஆனால் இதெல்லாம் 1714-ல் யோசித்து எழுதியிருக்க வேண்டிய நிபந்தனைகள். ஒருவன் வாழ்நாளைச் செலவழித்து முடித்தபின் சேர்க்க வேண்டியவை அல்ல.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நிலவை வைத்துத் தீர்க்கரேகை காணும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் நெவில் மாஸ்கலைன். அவர் 1765-ல் அரச வானியலாளராகி, பதவி வழியில் வாரியத்தில் உறுப்பினரானார். அவர் திறமையானவர், உழைப்பாளி. 1767 முதல் அவர் வெளியிட்ட கடல் பஞ்சாங்கம் மாலுமிகளுக்குப் பல காலம் துணை நின்றது. என்றாலும் எதிர்முறையின் ஆதரவாளரே நடுவர் நாற்காலியில் இருந்தால், தீர்ப்பு நியாயமாகவே இருந்தாலும் தோற்றவருக்கு அப்படித் தோன்றாது.

ஹாரிசன் 1765-ல் நிபுணர் குழுவின் முன் கடிகாரத்தை ஆணி ஆணியாகப் பிரித்துக் காட்டினார். பாதித் தொகை வந்தது. மறுவருடம் பழைய மூன்று கடிகாரங்களையும் எடுத்துப்போக மாஸ்கலைன் ஆட்களுடன் வந்தார். தூக்கும்போது முதல் கடிகாரத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். நான்காவதை கிரீனிச்சில் பத்து மாதம் சோதித்து, நம்பத்தக்கதல்ல என்று அறிக்கை கொடுத்தார்கள். மீதிப் பணத்துக்கு ஹாரிசன் இன்னும் இரண்டு கடிகாரம் செய்து தர வேண்டும். மாதிரி பார்க்கக் கையில் நான்காவது கடிகாரம் இல்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பார்வையும் உடம்பும் முன்போல் இல்லாத வயதில், மகனோடு உட்கார்ந்து ஐந்தாவது கடிகாரத்தை 1770-ல் முடித்தார். கெண்டலின் நகலை இரண்டாவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாரியம் மறுத்தது.

அரசரும் கடலும் தந்த சான்று

1772-ல் வில்லியம் மூன்றாம் ஜார்ஜ் அரசருக்கு முறையிட்டார். வானியலில் ஈடுபாடு உள்ள அரசர், ஐந்தாவது கடிகாரத்தைத் தன் சொந்த வானாய்வகத்தில் பத்து வாரம் ஓடவிட்டுச் சோதித்தார். நாளுக்கு மூன்றில் ஒரு நொடிதான் பிசகு. அரசர் அவர்கள் பக்கம் நின்றார். 1773-ல் பாராளுமன்றம் நேரடியாக 8,750 பவுண்டு வழங்கியது. முதலில் இருந்து அவ்வப்போது கொடுத்ததையெல்லாம் கூட்டினால் 23,000 பவுண்டுக்கு மேல். ஆனால் அது பாராளுமன்றம் கொடுத்த வெகுமதி. பரிசை வென்றவர் என்று வாரியம் அவரை அறிவிக்கவில்லை. கடைசிவரை வேறு யாருக்கும் அந்த முதல் பரிசைக் கொடுக்கவும் இல்லை.

வேறொரு சான்றிதழ் கடலிலிருந்து வந்தது. கேப்டன் குக் தன் இரண்டாவது உலகப் பயணத்தில் கெண்டலின் நகலை எடுத்துப் போயிருந்தார். தென்துருவப் பனிக்கும் பசிபிக் வெயிலுக்கும் மாறி மாறி மூன்று வருடம். 1775-ல் திரும்பியபோது அந்தக் கடிகாரத்தைத் தன் நம்பகமான வழிகாட்டி என்று கொண்டாடினார். அடுத்த வருடம், 1776 மார்ச் 24 அன்று, ஹாரிசன் லண்டனில் தன் வீட்டில் காலமானார். வயது 83.

அவருக்குப் பின் ஜான் அர்னால்டு, தாமஸ் எர்ன்ஷா போன்றவர்கள் அமைப்பை எளிமையாக்கி விலையைக் குறைத்தார்கள். 1831-ல் டார்வின் ஏறிய பீகிள் கப்பலில் மட்டும் 22 கடல் கடிகாரங்கள் இருந்தன. இன்று உங்கள் போனில் வழி காட்டும் நீலப் புள்ளியும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. மேலே சுற்றும் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பினால் தூரம் 300 மீட்டர் தப்பும். சாப்பாடு கொண்டுவரும் பையன் அடுத்த தெருவில் போய் நிற்பான்.

இந்தக் கதையில் நான் எடுத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, ஹாரிசன் தன் வேலைக்குத் தானே முதல் தணிக்கையாளராக இருந்தார். மற்றவர்கள் போதும் என்ற இடத்தில் அவர் போதாது என்றார். இரண்டாவது வாரியத்திடமிருந்து. வேலை தொடங்கும்முன் எழுதிய நிபந்தனையை வேலை முடிந்தபின் மாற்றுவது, எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும், கொடுத்த வாக்கைக் குறைப்பதுதான். இது பாராளுமன்றத்துக்கு மட்டுமல்ல. நம் சங்கம் வெள்ளையடிப்பவரிடமும் பிளம்பரிடமும் வேலை பேசும்போதும் பொருந்தும். கேட்க வேண்டியதை முன்னாலேயே கேட்டு எழுதிக்கொள்வோம். முடித்தவருக்கு அன்றே கணக்குத் தீர்ப்போம்.

ஹாரிசனின் முதல் நான்கு கடிகாரங்களும் கிரீனிச்சில் பார்வைக்கு இருக்கின்றன. பல காலம் துருப்பிடித்துக் கிடந்தவற்றை 1920-க்குப் பிறகு ரூபர்ட் கூல்டு என்ற கடற்படை அதிகாரி பல வருடம் செலவிட்டுப் பழுதுபார்த்தார். முதல் மூன்றும் ஓடுகின்றன. நான்காவதை மட்டும் ஓடவிடுவதில்லை. அதற்கு எண்ணெய் போட வேண்டும், ஓடினால் தேய்மானம் வரும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ லண்டனில் இருந்து, நீங்கள் அங்கே போக நேர்ந்தால், ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.